முடிந்துபோன பாலிசியும் மூன்றாம் நபரும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாகனக் காப்பீட்டை எப்படி எடுப்பது என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். ஷோரூமில் ஒருவர், வங்கியில் ஒருவர், தெருமுனை ஏஜெண்ட் ஒருவர். ஆனால் எடுத்த காப்பீடு எப்படி முடிகிறது, யார் முடிக்கிறார்கள், முடிந்ததை யாருக்குச் சொல்கிறார்கள் என்பதைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. அதைத்தான் இன்று என் பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறவன். விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்காகவும் ஆஜராகியிருக்கிறேன், காப்பீட்டு நிறுவனங்களுக்காகவும் ஆஜராகியிருக்கிறேன். வழக்குக் கட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளின் வயதுச் சான்று எல்லாம் இருக்கும். நிறுவனம் தாக்கல் செய்யும் எதிருரையில் ஒரு வரி மட்டும் வரும்: "விபத்து நடந்த தேதியில் மேற்படி வாகனத்துக்குப் பாலிசி நடப்பில் இல்லை." அதற்குப் பிறகு அந்த வழக்கின் போக்கே மாறிவிடும். பணம் கொடுக்க முடிந்த ஒருவர் வழக்கிலிருந்து வெளியேறி, பணம் கொடுக்க முடியாத ஒருவர் மட்டும் எதிரே நிற்பார்.

மோட்டார் பாலிசி என்னும் ஒப்பந்தத்தில் இரண்டு தரப்புதான். வண்டிக்காரர் ஒருவர், நிறுவனம் ஒன்று. ஆனால் அந்த ஒப்பந்தம் யாருக்காகக் கட்டாயமாக்கப்பட்டதோ அவர் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்தவர் அல்லர். அவர் சாலையைக் கடந்துகொண்டிருந்த மூன்றாம் நபர். ஆகையால் பாலிசியை முடிப்பது அந்த இருவரின் சொந்த விவகாரம் ஆகாது என்பதே நான் இன்று சொல்ல வந்தது. நம் நாட்டில் பாலிசிகள் பெரும்பாலும் ஓசையின்றி முடிகின்றன. அந்த நிலை மாறியாக வேண்டும்.

கொஞ்சம் வரலாறு. பிரிட்டனில் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கென ஓர் அத்தியாயம் எழுதப்பட்டது. ஆனாலும் அந்த அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இப்போதுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் 146ஆம் பிரிவு அதே கடமையைச் சொல்கிறது: மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாமல் எந்த வாகனமும் பொது இடத்தில் ஓடக்கூடாது. சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு உரிமையாளரின் விருப்பம். ஒரே பாலிசித் தாளில் இரண்டும் சேர்ந்து அச்சாவதால் இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். முடிவைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு பாதி முடிந்துபோயிருக்கும், மறு பாதி உயிரோடு இருக்கும்.

இனி, நிறுவனம் தானாக முன்வந்து பாலிசியை ரத்து செய்ய முடியுமா? நம் நாட்டில் நெடுங்காலம் பாலிசித் தாளிலேயே ஒரு நிபந்தனை இருந்தது. நிறுவனம் ஏழு நாள் அவகாசம் கொடுத்து, உரிமையாளரின் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவு அஞ்சல் அனுப்பி, மீதிக் காலத்துக்கான பிரீமியத்தைத் திருப்பிக் கொடுத்து ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டும் என்று அந்த நிபந்தனையில் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட பொதுக் காப்பீட்டுச் சுற்றறிக்கை இதைப் பெரிதும் மாற்றியது. தனிநபர் எடுக்கும் பாலிசியை, மோசடி நிரூபணமானால் மட்டுமே நிறுவனம் ரத்து செய்யலாம். அதற்கும் குறைந்தது ஏழு நாள் அறிவிப்பு வேண்டும். பாலிசிதாரரோ எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மீதிக் காலத்துக்கு உரிய தொகை அவருக்குத் திரும்ப வர வேண்டும். இது நல்ல மாற்றம். இதைப் பாராட்டாமல் மேலே போகக் கூடாது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது. அங்கே 1960களில் நிறுவனங்கள் பாலிசிகளை இஷ்டத்துக்கு ரத்து செய்வதாகப் பெரும் புகார் எழுந்தது. ஓட்டுநரின் தொழில், அவர் குடியிருக்கும் பகுதி, கறுப்பின மக்கள் வாழும் தெருக்கள் என்று பலதும் மறைமுகக் காரணங்களாக இருந்தன. 1968இல் நாடாளுமன்றமே வாகனக் காப்பீடு முழுவதையும் ஆராயும்படி போக்குவரத்துத் துறைக்குக் கட்டளையிட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டன. இன்று அங்கே பெரும்பாலான மாநிலங்களில் புதுப் பாலிசியின் முதல் 60 நாட்கள் நிறுவனத்துக்கு ஆராய்ந்து பார்க்கும் காலம். அதற்குள் விலகிக்கொள்ளலாம். அது தாண்டிவிட்டால், பிரீமியம் கட்டாதது, ஓட்டுநர் உரிமம் பறிக்கப்பட்டது, பொய்த் தகவல் கொடுத்தது போன்ற சில காரணங்களுக்கே இடையில் ரத்து செய்ய முடியும். ஆனால் காலம் முடிந்த பிறகு, முன்னறிவிப்புக் கொடுத்துப் புதுப்பிக்க மறுப்பது அவர்களுக்கு எளிது. அடுத்தடுத்து இரண்டு விபத்து, குடித்துவிட்டு ஓட்டியதற்கு ஒரு தண்டனை என்றால் புதுப்பிப்பு மறுக்கப்படலாம். கலிஃபோர்னியா மக்கள் 1988இல் வாக்கெடுப்பு மூலம் அதற்கும் வேலி போட்டார்கள். பிரீமியம் கட்டாதது, மோசடி, ஆபத்து கணிசமாகக் கூடியது ஆகிய மூன்று காரணங்களைத் தவிர வேறெதற்கும் அங்கே புதுப்பிக்க மறுக்க முடியாது. எல்லா நிறுவனமும் கைவிட்டவர்களுக்காக, ஆபத்தைப் பங்கிட்டு ஏற்கும் ஏற்பாட்டை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938இலேயே தொடங்கியது.

அங்கே காப்பீடு ஓட்டுநரின் சரித்திரத்தைப் பார்க்கிறது. இங்கே காப்பீடு வண்டியைப் பார்க்கிறது. எஞ்சின் எத்தனை சி.சி., வண்டிக்கு எத்தனை வயது, எந்த ஊர்ப் பதிவு என்பவைதான் இங்கே கேள்விகள். சிக்னலை மீறினார், வேகமாக ஓட்டினார் என்பதற்காக இந்தியாவில் ஒருவரின் பாலிசியை நிறுவனம் ரத்து செய்வதில்லை. நம் பாலிசிகள் முடியும் வழிகள் வேறு. அந்த வழிகளைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, திரும்பி வந்த காசோலை.

1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 64வி.பி. என்றொரு பிரிவு இருக்கிறது. பிரீமியம் கைக்கு வராமல் எந்த நிறுவனமும் ஆபத்தை ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம். நியாயமான விதி. ஆனால் நடைமுறையில் காசோலையை வாங்கிக்கொண்டு அன்றே பாலிசியை அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பாலிசியைக் காட்டி வண்டி ஓடும், ஆர்.டி.ஓ. அலுவலகம் ஏற்றுக்கொள்ளும், போலீஸ்காரர் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். காசோலை பணமில்லாமல் திரும்பும்போது என்ன ஆகும்?

இந்திரஜித் கவுர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 1997இல் முடிந்தது. ஒரு பஸ்ஸுக்கு 1989 நவம்பர் 30 அன்று காசோலை வாங்கிக்கொண்டு பாலிசி கொடுத்தார்கள். காசோலை திரும்பியது. 1990 ஜனவரி 23 அன்று, பணம் வரவில்லை, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார்கள். ஏப்ரல் 19 அன்று அந்தப் பஸ் ஒரு லாரியோடு மோதி, லாரி ஓட்டுநர் இறந்தார். பஸ்ஸின் உரிமையாளர் மே 2 அன்று ரொக்கமாகப் பிரீமியம் கட்டினார். ஒப்பந்தக் கண்ணோடு பார்த்தால், விபத்து நடந்த நாளில் நிறுவனம் ஒரு பைசாவும் வாங்கியிருக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் லாரி ஓட்டுநரின் விதவை மனைவியின் பக்கம் நின்று பார்த்தது. பாலிசியை வெளியிட்டது நிறுவனம். அதை நம்பி வண்டி சாலைக்கு வந்தது. பிரீமியம் வராதது நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் இடையிலான வழக்கு, மூன்றாம் நபருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனநிறைவு தரும் தீர்ப்பு இது.

பத்து ஆண்டுகளில் வேறொரு கோணம் வந்தது. 2007இல் தீர்ப்பான தெத்தப்பா வழக்கில், காசோலை திரும்பியதும் நிறுவனம் பாலிசியை ரத்து செய்து, உரிமையாளருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் விபத்துக்கு முன்பே தெரிவித்திருந்தது. ஆகவே நிறுவனத்துக்குச் சட்டப் பொறுப்பில்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆனாலும் அரசமைப்புச் சட்டம் 142ஆம் பிரிவு தந்த தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, முதலில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி சொன்னது. 2012இல் லட்சுமம்மா வழக்கு இரண்டையும் இணைத்து ஒரு தெளிவான கோட்டைப் போட்டது. அதில் 2004 மே 11 அன்று விபத்து, மே 13 அன்று ரத்து. இரண்டே நாள் வித்தியாசம். ரத்துச் செய்தி விபத்துக்கு முன்பே உரிமையாளரைச் சென்றடைந்திருந்தால் நிறுவனம் விடுபடும், இல்லாவிட்டால் விடுபடாது.

இந்தக் கோடு சட்டப்படி தெளிவானது. ஆனால் ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது ஆண்டு வாழ்க்கை, ஒரு பதிவுத் தபால் என்றைக்குக் கையெழுத்துப் பெற்றது என்பதில் தொங்குகிறது. தபால் ஒப்புகை அட்டையைக் குறுக்கு விசாரணை செய்வதிலேயே வழக்கு மாதக்கணக்கில் நகரும். அந்த அட்டையில் இருக்கும் கையெழுத்து உரிமையாளருடையதா, அவருடைய மைத்துனருடையதா என்று வாதம் நடக்கும். இறந்துபோன கொத்தனாரின் மனைவிக்கு இந்த வாதத்தில் எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் அவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து உட்கார்ந்திருப்பார்.

கொத்தனார் என்று சொன்னதால் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வயது 30, மாத வருமானம் 15,000 ரூபாய், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை வகுத்த உச்ச நீதிமன்றத்தின் சர்லா வர்மா, பிரணய் சேத்தி தீர்ப்புகளின்படி, எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்து, அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்து, அதை ஆண்டுத் தொகையாக்கி, வயதுக்குரிய பெருக்கெண் 17ஆல் பெருக்கினால் 32,13,000 ரூபாய் வருகிறது. இதற்கு மேல் ஈமச் செலவு போன்ற தலைப்புகளில் கொஞ்சம் சேரும். அவரை இடித்தது 125 சி.சி. பைக் என்றால், 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கட்டணப்படி அதற்கான மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. காப்பீடு இல்லாமல் ஓட்டியதற்குச் சட்டம் விதிக்கும் அபராதம் முதல் தடவை 2,000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். இந்த மூன்று தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 32 லட்சத்தை அந்தப் பைக்காரரிடமிருந்து யார் வசூலிப்பது? தீர்ப்பு நகலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளத்தான் முடியும்.

இரண்டாவது வழி, நம் நாட்டில் மிகப் பெரிய வழி, யாரும் ரத்து செய்யாமலே முடிவது. தேதி வந்துவிடும். பாலிசி லேப்ஸ் ஆகிவிடும். நாட்டில் பதிவாகியுள்ள வாகனங்களில் பாதிக்கும் மேல் காப்பீடு இல்லாதவை என்று நாடாளுமன்றத்தின் நிதி நிலைக்குழுவே 2024இல் கவலை தெரிவித்திருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள். வாங்கும்போது ஷோரூமில் போட்ட காப்பீடு முடிந்ததோடு சரி.

ஏன் புதுப்பிப்பதில்லை? அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் அது முழு உண்மையல்ல. பாலிசியில் பதிவாகியிருக்கும் கைபேசி எண் பல நேரங்களில் உரிமையாளருடையது அல்ல, ஏஜெண்டின் எண் அல்லது ஷோரூமின் எண். நினைவூட்டும் குறுஞ்செய்தி அவர்களுக்குத்தான் போகிறது. ஏஜெண்ட் தொழிலை விட்டுவிட்டால் செய்தியும் அவரோடு நின்றுவிடும். முடிந்த பிறகு புதுப்பிக்கப் போனால் சொந்தச் சேதக் காப்பீட்டுக்கு வண்டியைப் பார்வையிட வேண்டும் என்பார்கள். 90 நாள் தாண்டிவிட்டால், ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை வளரக்கூடிய தள்ளுபடி. அதை இழந்தவர் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார். அப்படித் தள்ளிப்போடும் அடுத்த மாதத்தில்தான் விபத்து நடக்கிறது.

விபத்து நடந்த அன்றே ஓடிப்போய்ப் பாலிசி எடுப்பவர்களும் உண்டு. 1990இல் ராம் தயாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு தேதியில் எடுத்த பாலிசி அந்தத் தேதி தொடங்கிய நள்ளிரவிலிருந்தே செல்லும் என்றது.  ஆனால் பாலிசியில் நேரம் குறிப்பிட்டிருந்தால் அந்த நேரத்திலிருந்துதான் பொறுப்பு என்று சில ஆண்டுகளில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இன்று உங்கள் பாலிசியில் தொடங்கும் நேரம் அச்சாகியிருப்பதன் பின்னணி இது.

லேப்ஸ் ஆவதைத் தடுக்க இந்த நாட்டில் எடுக்கப்பட்ட மிகப் பெரிய நடவடிக்கைக்குக் காரணமானவர் கோயம்புத்தூர்க்காரர் என்பதை இந்த மேடையில் பெருமையோடு சொல்ல வேண்டும். கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். விபத்தில் நொறுங்கிவந்த உடல்களை நாள்தோறும் பார்த்தவர் அவர். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில், புதுக் கார்களுக்கு மூன்று ஆண்டு, புது இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஷோரூமை விட்டு வெளியே வரும் வண்டிக்குச் சில ஆண்டுகள் உறுதியாகிவிட்டன. அதற்குப் பிந்தைய ஆண்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. பழைய வண்டி, இரண்டாம் கை, மூன்றாம் கை, கிராமத்துச் சாலை என்று வரும்போது பாதுகாப்பு கரைந்துவிடுகிறது. காப்பீடு இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், உரிமையாளர் பிணை கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது, கட்டாவிட்டால் ஏலம் விட்டுத் தொகையைத் தீர்ப்பாயத்தில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் உஷா தேவி வழக்கில் மாநிலங்களுக்குச் சொன்னது. பத்து வயதான பைக்கை ஏலம் விட்டால் என்ன வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் கை என்றதும் மூன்றாவது வழி வந்துவிடுகிறது. வண்டி விற்கப்படும்போது காப்பீட்டில் பாதி அங்கேயே நின்றுவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி, மூன்றாம் நபர் காப்பீடு வாங்கியவர் பெயருக்குத் தானே மாறியதாகக் கருதப்படும். வாங்கியவர் 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்தச் சேதக் காப்பீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது என்று 1995இல் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கு தீர்த்துவைத்தது. காரை வாங்கி, பாலிசித் தாளையும் கையில் வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, எல்லாம் இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டிருப்பவர், வெள்ளத்தில் கார் மூழ்கிய பிறகு நிறுவனத்துக்குப் போனால் உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே இல்லை என்பார்கள். சட்டப்படி அது சரி.

விற்றவருக்கும் ஆபத்து இருக்கிறது. 2018இல் நவீன் குமார் வழக்கில் பல கைகள் மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளானது. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்போதோ விற்ற ஸ்கூட்டருக்காக, வாங்கியவர் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டதற்காக, ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியர் வீட்டுக்குத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் வருவதை நான் பார்த்திருக்கிறேன். வெற்று விற்பனைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம் என்று அவர் சொன்னால் சட்டம் கேட்காது.

நான்காவது வழியில் பாலிசி உயிரோடுதான் இருக்கும். இழப்பீடு கேட்கும் நேரத்தில் மட்டும் இல்லாததாகிவிடும். ஓட்டியவருக்கு உரிமம் இல்லை, குடித்திருந்தார், சொந்தக் காரை வாடகைக்கு விட்டார், திருட்டைத் தாமதமாகச் சொன்னார் என்று மறுப்புக் கடிதம் வரும். இதில் சில காரணங்கள் நியாயமானவை. குடித்துவிட்டு ஓட்டியவரின் காரைச் சரிசெய்ய மற்றவர்களின் பிரீமியத்தை எடுத்துச் செலவிட வேண்டியதில்லை. ஆனால் நிறுவனங்கள் எல்லாத் தவறுகளையும் ஒரே தராசில் போடப் பார்க்கும்போது நீதிமன்றங்கள் தடுத்திருக்கின்றன. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஓட்டுநரிடம் போலி உரிமம் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, உரிமையாளர் தெரிந்தோ கவனக்குறைவாகவோ நிபந்தனையை மீறினார் என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. 2008இல் நிதின் கந்தேல்வால் வழக்கில், திருடுபோன வண்டி வாடகைக்கு ஓடியது என்பதற்காக முழுவதையும் மறுக்க முடியாது என்று 75 விழுக்காட்டை உச்ச நீதிமன்றம் கொடுக்க வைத்தது. போலீசில் உடனே புகார் கொடுத்துவிட்டால், நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானது என்பதை மட்டும் காரணமாக்கித் திருட்டு இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020இல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசமைப்பு அமர்வு சொன்னது. அந்த ஒரு கேள்வி, ஷேர் ஆட்டோக்காரர், குட்டி யானை ஓட்டுகிறவர் என்று எத்தனையோ பேரின் வழக்குகளை ஆண்டுக்கணக்கில் பிடித்துவைத்திருந்தது.

"கொடுத்துவிட்டு வசூலி" என்று நீதிமன்றம் சொல்லும்போது பாதிக்கப்பட்டவர் பிழைத்துக்கொள்கிறார். நல்லது. ஆனால் அதற்குப் பிறகு நிறுவனம் நிறைவேற்று மனு போட்டு உரிமையாளரைத் துரத்தும். ஒரே ஆட்டோ வைத்துப் பிழைப்பவரின் வீட்டுக்கு ஜப்தி வரும். உரிமம் புதுப்பிக்க மறந்ததற்கு இவ்வளவு பெரிய விலையா என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு நம் சட்டத்தில் இன்னும் நல்ல பதில் இல்லை.

இடையில் ஒரு சிறு செய்தி. மாசுச் சான்றிதழ் இல்லாவிட்டால் காப்பீட்டைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காற்றுக்காகப் போட்ட உத்தரவு, சாலையில் காப்பீடில்லாத வண்டிகளைக் கூட்டிவிடும் என்று தெரிந்ததும், மூன்றாம் நபர் காப்பீட்டைப் பொறுத்து 2024 ஜூலையில் அந்த நிபந்தனையை அதே நீதிமன்றம் விலக்கிக்கொண்டது. சான்றிதழ் இல்லை என்பதைக் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020லேயே சொல்லியிருந்தது.

ஐந்தாவது வழி எழுத்தில் இருக்காது. சொந்தச் சேதக் கட்டணங்களை நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று 2007 ஜனவரி 1இல் விட்டுவிட்டார்கள். மூன்றாம் நபர் கட்டணத்தை மட்டும் அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. லாரிகளின் மூன்றாம் நபர் காப்பீட்டில் நட்டம் என்பதால் பழைய லாரிகளை எந்த நிறுவனமும் விரும்பவில்லை. அதற்காக 2007 ஏப்ரலில் நட்டத்தை எல்லா நிறுவனங்களும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுக் குளம் ஒன்றை அமைத்தார்கள். 2012இல் அதைக் கலைத்து, கைவிடப்பட்ட வாகனங்களுக்கு மட்டுமான வேறொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2015இல் காப்பீட்டுச் சட்டத்தில் 32டி பிரிவைச் சேர்த்து, ஒவ்வொரு நிறுவனமும் குறிப்பிட்ட அளவு மூன்றாம் நபர் காப்பீட்டை ஏற்றே ஆக வேண்டும் என்றார்கள். சட்டப்படி இன்று எந்த நிறுவனமும் மூன்றாம் நபர் காப்பீட்டை மறுக்க முடியாது. ஆனால் பதினைந்து வயதான லாரியோடு கிளை அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மேலாளர் இல்லை, சிஸ்டம் எடுக்கவில்லை, நாளைக்கு வாருங்கள் என்பார்கள். ஏஜெண்டுகளுக்கு இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் கமிஷன் இருக்காது. யாரும் மறுக்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. எழுத்தில் வராத மறுப்பை எதிர்த்துக் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் முறையிடுவது கடினம்.

இனி வரப்போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு, போக்குவரத்து விதிமீறல்களுக்குப் புள்ளிகள் கொடுத்து, அதற்கேற்பப் பிரீமியத்தைக் கூட்டும் திட்டம் ஒன்றை முன்வைத்தது. தில்லியில் முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்றது. ஆபத்தாக ஓட்டுகிறவர் அதிகம் கட்டட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பாதை எங்கே போகும் என்பதை அமெரிக்கா நமக்குக் காட்டியிருக்கிறது. ஓட்டுநரின் சரித்திரத்தைப் பார்க்கத் தொடங்கினால் அடுத்த படி அவரை ஏற்க மறுப்பது. அங்கே அதற்கு முன்னறிவிப்புச் சட்டங்களும் கைவிடப்பட்டவர்களுக்கான ஏற்பாடுகளும் இருக்கின்றன. நாம் வேலியைப் போட்ட பிறகுதான் அந்த வயலில் விதைக்க வேண்டும்.

என் கோரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்றும் பெரிய புரட்சி இல்லை. வாகனப் பதிவு விவரங்கள் பெரும்பாலும் இன்று வாஹன் தளத்தில் இருக்கின்றன. எந்த வண்டியின் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்பது அரசுக்குத் தெரியும். அப்படியிருக்க, முடியும் முன்பும் முடிந்த அன்றும் உரிமையாளரின் சொந்த எண்ணுக்கு, ஏஜெண்டின் எண்ணுக்கு அல்ல, அரசே செய்தி அனுப்ப வேண்டும். காசோலை திரும்பினாலும் வேறெந்தக் காரணத்தாலும் நிறுவனம் பாலிசியை ரத்து செய்தால், வாஹனில் அது பதிவாகும் நேரம் வரை மூன்றாம் நபருக்கு நிறுவனமே பொறுப்பு என்று சட்டத்தில் எழுத வேண்டும். தபால் அட்டை மேல் நடக்கும் வழக்குகள் அதோடு ஒழியும். புதுப்பிக்கும் தேதி கடந்த பின்னும் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் ஒரு மாதக் கருணைக் காலம் கொடுத்து, அதற்கான பிரீமியத்தை அடுத்த பாலிசியோடு வசூலிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பும் கிளை, அதற்கான காரணத்தை எழுதி முத்திரை போட்டுக் கொடுக்க வேண்டும். காப்பீடில்லாத, ஆனால் அடையாளம் தெரிந்த வண்டியால் இறந்தவரின் குடும்பத்துக்கும் அரசு நிதியிலிருந்து உடனடி இழப்பீடு வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டியென்றால் மரணத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்கிறது. நின்று பிடிபட்ட, காப்பீடில்லாத வண்டியென்றால் அதுகூடக் கிடைப்பதில்லை.

இங்கே வந்திருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு வண்டியின் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள், அல்லது எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். முடியும் தேதியைப் பாருங்கள், அதில் இருக்கும் கைபேசி எண் உங்களுடையதா என்று பாருங்கள், நீங்கள் விற்றுவிட்ட வண்டியின் ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இளம் வழக்கறிஞர்களிடம் இன்னொன்று: பாலிசி நடப்பில் இல்லை என்று எதிருரை வந்தால், எப்போது, எப்படி, யாருக்குச் சொல்லி முடிக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் அந்த வரியை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.